நடுவுல இருக்கறது பெருசா இருக்கு டீச்சர்



நாலாம் வகுப்பு படிக்கும் பேரனிடம் நேற்று, "1/3 பெருசா, 1/4 பெருசா?" என்று கேட்டேன். "மூணை விட நாலுதானே பெருசு பாட்டி, அதனால 1/4" என்றான். அவன் நோட்டில் வட்டங்களுக்கு வண்ணம் அடித்த பின்னக் கணக்கெல்லாம் சரி. எல்லாவற்றுக்கும் டிக் விழுந்திருக்கிறது.

அவனைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. மரக்காணத்தில் வேலை பார்த்தபோது ஒருநாள் கரும்பலகையில் வட்டம் போட்டு, மேலிருந்து கீழாக இரண்டு கோடு இழுத்து, "ஒவ்வொன்றும் மூன்றில் ஒரு பங்கு" என்றேன். உப்பளத்து வேலைக்குப் போகிற குடும்பத்துப் பெண் ஒருத்தி எழுந்து, "நடுவுல இருக்கறது பெருசா இருக்கு டீச்சர்" என்றாள். "புரிஞ்சா போதும், உட்காரு" என்று அதட்டிவிட்டேன். அவள் சொன்னதுதான் சரி. வரப்பு கொஞ்சம் தள்ளிப் போனால் ஒரு பாத்தி பெருத்து அடுத்தது சிறுத்துவிடும் என்று பார்த்து வளர்ந்த பிள்ளை அவள்.

"எல்லாப் பங்கும் சமமா?" என்ற கேள்விதான் பின்னத்தின் முதல் பாடம். அது விளங்காமல் மேலே தொகுதி, கீழே பகுதி என்று மனப்பாடம் செய்து பயனில்லை.

வீட்டில் இப்படிச் செய்து பாருங்கள். பிள்ளையிடம் ஒரு நீளத் தாளைக் கொடுங்கள். ஒரு தடவை பாதியாக மடித்தால் அரை. இன்னொரு தடவை மடித்தால் கால். மூன்றாம் தடவை அரைக்கால், நான்காம் தடவை வீசம், அதாவது 1/16. "முக்காலே மூணு வீசம்" என்கிறோமே, அது 16-ல் 15 பங்கு என்று பிள்ளையே எண்ணிச் சொல்லிவிடும். மடிக்க மடிக்கப் பங்குகள் கூடும், ஒவ்வொரு பங்கும் சிறுக்கும்.

பிறகு மூன்றாக மடிக்கச் சொல்லுங்கள். அங்கேதான் திணறும். பாதி பாதியாக மடித்தால் மூன்று வராது. அரை, கால் மாதிரி மூன்றில் ஒன்றுக்கு நம் அன்றாடப் பேச்சில் தனிப் பெயரும் இல்லை. பழைய கணக்கில் முந்திரி என்பது 1/320. அந்த 320-உம் மூன்றால் மீதியில்லாமல் வகுபடாது. ஆகவே அளந்துதான் ஆக வேண்டும். 12 செ.மீ. துண்டு இரண்டு எடுங்கள். ஒன்றை நாலு நாலு செ.மீ.யாக மூன்று பங்கும், மற்றதை மூணு மூணு செ.மீ.யாக நாலு பங்கும் ஆக்கிப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். இரண்டு முழுத் துண்டும் ஒரே நீளமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒப்பிட முடியாது.

பேரன் வைத்துப் பார்த்தான். "நாலு பேர் பங்கு போட்டா ஆளுக்குக் கொஞ்சம்தான் பாட்டி!" என்றான். நான் விதி எதுவும் சொல்லவில்லை.

இன்று ஆசிரியர்களாக இருக்கும் என் பிள்ளைகளே, வண்ணம் அடிக்கப் படம் கொடுக்குமுன் மடிக்கத் தாள் கொடுங்கள். எந்தப் பிள்ளையாவது "சமமா இல்லையே" என்று எழுந்தால் உட்காரச் சொல்லாதீர்கள். பலகைக்குக் கூப்பிட்டுச் சாக்பீஸைக் கையில் கொடுங்கள்.

அன்று எழுந்து நின்ற மகளே, இதைப் படித்தால் தெரிந்துகொள்: நடுவில் இருந்தது பெரிசுதான்.