காற்றின் நன்மையும் தீங்கும்

 

ஒவ்வொரு புயலுக்குப் பின்னும் நம்மிடையே இருவகைப் பேச்சுகள் எழுகின்றன. 'இது இறைத்தண்டனை' என்பது ஒன்று. 'இதிலும் ஒரு நன்மை உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்' என்று பறிகொடுத்தவரிடமே கூறுவது மற்றொன்று. இரண்டும் முறையற்றவை என்பதே நம் கருத்து.

புயலில் நன்மை இருக்கிறதா? இருக்கிறது. கடலின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத தாவர மிதவையுயிரிகள் வாழ்கின்றன. உலகில் நிகழும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழ பாதி இவற்றால் நிகழ்கிறது. கடல் மீன்களின் உணவுச் சங்கிலியும் இவற்றிலிருந்தே தொடங்குகிறது. வெப்பக் கடல்களில் வெதுவெதுப்பான மேல்நீர் ஒரு மூடிபோல் கிடப்பதால், ஆழத்திலுள்ள நைட்ரேட் போன்ற சத்துகள் மேலே வருவதில்லை. புயல் அந்த மூடியைக் கலக்கி, குளிர்ந்த அடிநீரை ஏற்றுகிறது. அதுவரை வறிய நீரில் காலந்தள்ளிய மிகச்சிறு உயிரிகளை விஞ்சி, டயாட்டம் போன்ற பெரியவை சில நாட்களில் பெருகுகின்றன. சத்து தீர்ந்ததும் சிறியவையே மீண்டும் மேலோங்குகின்றன.

2000ஆம் ஆண்டு ஜூலையில் 'கை-டாக்' புயல் தென்சீனக் கடலில் மூன்று நாட்கள் தங்கிச் சுழன்றது. அது கடந்த இடத்தில் மேற்பரப்புப் பச்சையம் ஏறத்தாழ 30 மடங்கு உயர்ந்ததைச் செயற்கைக்கோள் பதிவு செய்தது. எனினும் எல்லாப் புயலும் இவ்வாறு ஊட்டுவதில்லை. விரைந்து கடக்கும் புயல் குறைவாகவே கலக்குகிறது. கங்கையும் பிரம்மபுத்திராவும் கொணரும் நன்னீர் மேலே பரவிக் கிடக்கும் வங்கக் கடலின் வடபகுதியில் அந்த மூடியைக் கலைப்பது கடினம்.

காற்று கடுமையாகும்போது நபி (ஸல்) அவர்கள் அதிலுள்ள நன்மையை வேண்டியும், அதன் தீங்கிலிருந்து பாதுகாவல் தேடியும் துஆ செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்தது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. ஒரே காற்றில் இரண்டும் உண்டு என்று நமக்குக் கற்றுத்தந்த துஆ அது. கருமேகம் கண்டு அவர்களின் திருமுகம் மாறியது, தம் மக்களுக்கு வேதனை வந்துவிடுமோ என்ற அச்சத்தால். மாண்டோர்மீது குற்றம் சாட்டுவதற்காக அன்று. மேலும், நீரில் மூழ்கி இறந்த இறைநம்பிக்கையாளரை ஷஹீத்களில் ஒருவராகவும் அவர்கள் எண்ணினார்கள். அவ்வாறிருக்க, 'தண்டனை' என்று தீர்ப்பளிக்க நாம் யார்?

2017ஆம் ஆண்டு ஒக்கிப் புயலில் கடலுக்குச் சென்ற கணவனையும் மகனையும் இழந்த குமரி மாவட்டப் பெண்களிடம் மிதவையுயிரிகளின் பெருக்கத்தைப் பேச முடியுமா? அந்த அறிவு நம் சிந்தனைக்கு உரியது. படைத்தவனின் ஏற்பாட்டைக் கண்டு 'ஸுப்ஹானல்லாஹ்' என்று கூறுவதற்கு உரியது. துயருற்றவரின் வாயை அடைப்பதற்கு உரியதன்று. அவர்களுக்கு நாம் கொடுக்க வேண்டியவை உணவும் உதவியும், உடனிருந்து கேட்கும் செவியுமே. அவர்கள் எந்தச் சமயத்தவர் என்று பார்க்கவும் வேண்டியதில்லை.

காற்றின் நன்மையை நமக்கு அருளி, அதன் தீங்கிலிருந்து அல்லாஹ் அனைவரையும் காப்பானாக! ஆமீன்.