பெயரோடு வரட்டும் பிள்ளை

“எடுத்து வளர்ப்பதென்றால் கைக்குழந்தையாக எடுக்க வேணும், விவரம் தெரிந்த பிள்ளை ஒட்டாது.” எமது ஊர்ப் பெரியவர்கள் இப்படிச் சொல்வதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். பிள்ளைப் பாக்கியம் இல்லாத தம்பதியர் ஆறு மாதக் குழந்தைக்காக வருடக்கணக்கில் காத்திருப்பார்கள். அதே வேளையில் தாயையும் தகப்பனையும் இழந்த எட்டு வயதுப் பிள்ளையோ பத்து வயதுப் பிள்ளையோ ஒரு வீடு கிடைக்குமா என்று பார்த்திருக்கும். பெரிய பிள்ளை ஒட்டாது என்ற கருத்து தவறானது என்பதே என் எண்ணம். ஒட்டாமல் போவதற்குப் பெரும்பாலும் நாம் விதிக்கும் நிபந்தனையே காரணம். “இனி நாங்கள்தான் உன் உம்மாவும் வாப்பாவும், பழையதை மறந்துவிடு” என்று அந்தப் பிள்ளையிடம் கேட்கிறோம். அதைத்தான் அந்தப் பிள்ளையால் செய்ய முடியாது.

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளுக்கும் இது புதிய விடயமல்ல. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டபோது எழுவான்கரையில் எத்தனையோ பிள்ளைகள் தகப்பனை இழந்தார்கள். 1987 ஜனவரியிலும் 1991 ஜூன் 12ஆம் திகதியும் கொக்கட்டிச்சோலைப் பகுதியில் நடந்த படுகொலைகளில் படுவான்கரைப் பிள்ளைகளுக்கும் அதே கதி நேர்ந்தது. பின்னர் 2004இல் சுனாமி வந்தது. இந்தப் பிள்ளைகளில் அநேகர் மூத்தம்மா வீட்டிலும் சாச்சி வீட்டிலும் பெரியம்மா வீட்டிலும் வளர்ந்தார்கள். எவரும் அதற்குத் ‘தத்து’ என்று பெயர் வைக்கவில்லை. “இன்னாருடைய மகள், எங்களோடுதான் இருக்கிறா” என்று சொன்னார்கள். அந்த ஒரு வாக்கியத்தில் பிள்ளையின் தகப்பன் பெயரும் இருந்தது, பிள்ளை இப்போது இருக்கும் வீடும் இருந்தது.

ஒரு பிள்ளைக்குத் தன் பெயரும் தன் பெற்றோரும் யார் என்று தெரிவது எவ்வளவு பெரிய விடயம் என்பதற்கு எமது நாட்டிலேயே கசப்பான சான்று உண்டு. 1970களிலும் 1980களிலும் ஆயிரக்கணக்கான இலங்கைக் குழந்தைகள் ஐரோப்பிய நாடுகளுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டார்கள். அநேகர் கைக்குழந்தைகள். பலருடைய ஆவணங்கள் பொய்யானவை. சில இடங்களில் பெற்ற தாய்க்குப் பதிலாக வேறொரு பெண் பணம் வாங்கிக்கொண்டு தாயாக நடித்துக் குழந்தையைக் கையளித்ததாக 2017இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி ஒன்று வெளிப்படுத்தியது. சுவிற்சர்லாந்து அரசு 2020இல் இலங்கைக் குழந்தைகள் விடயத்தில் நடந்த முறைகேடுகளுக்கு வருத்தம் தெரிவித்தது. நெதர்லாந்து 2021 பெப்ரவரியில் வெளிநாடுகளிலிருந்து பிள்ளைகளைத் தத்தெடுப்பதையே இடைநிறுத்தியது.

அந்தக் குழந்தைகளில் பலருக்கு இன்று நாற்பது வயதைக் கடந்துவிட்டது. வசதியான வீடுகளில், அன்பான பெற்றோரிடம் வளர்ந்தவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். ஆனாலும் அவர்கள் இலங்கைக்கு வந்து, கையில் ஒரு பழைய பிறப்புப் பத்திரத்தை வைத்துக்கொண்டு, மரபணுப் பரிசோதனை செய்து, பெற்ற தாயைத் தேடுகிறார்கள். எதையுமே நினைவில் வைத்திருக்க முடியாத வயதில் போனவர்களே இப்படித் தேடுகிறார்கள் என்றால், உம்மாவின் குரலும் வீட்டு முற்றமும் நினைவிருக்கும் பத்து வயதுப் பிள்ளையிடம் மறக்கச் சொல்வது நியாயமா?

சுனாமிக்குப் பிறகு கல்முனை வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு கைக்குழந்தையை ‘பேபி 81’ என்று உலகமே அழைத்தது. தன் பெயரைச் சொல்ல அந்தக் குழந்தைக்கு வாயில்லை. 2005 பெப்ரவரியில் மரபணுப் பரிசோதனை செய்த பின்னரே அதன் பெற்றோர் யாரென உறுதியானது. பெரிய பிள்ளைக்கு அந்தச் சோதனை தேவையில்லை. அது தன் பெயரைத் தானே சொல்லும். நாம் காதுகொடுத்தால் போதும்.

எங்கள் ஆசிரியை ஒருவர் கொக்கட்டிச்சோலையைச் சேர்ந்தவர். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டதால்தான் நாள்தோறும் இக்கரைக்கு வந்து கற்பிக்க முடிகிறது என்பார். அதற்கு முன் மண்முனைத் துறையில் ‘பாதை’க்காகக் காத்திருந்துதான் வாவியைக் கடப்பார்களாம். அவருடைய அயல்வீட்டில் நடந்ததை, பெயர் குறிப்பிடாமல் எழுதுவதற்கு அனுமதி பெற்று இங்கே தருகிறேன்.

யுத்த காலத்தில் தமிழ்நாட்டுக்குப் போன ஒரு குடும்பம் அங்கே அகதி முகாமில் வாழ்ந்தது. தகப்பன் இறந்தார், சில வருடங்களில் தாயும் நோயில் இறந்தார். அங்கேயே பிறந்த அவர்களுடைய மகனைத் தாயின் மூத்த சகோதரி கொக்கட்டிச்சோலைக்கு அழைத்துக்கொண்டார். வரும்போது அவனுக்குப் பத்து வயது. கடல் கடந்து, ஒருபோதும் பார்த்திராத நாட்டுக்கு, புகைப்படத்தில் மட்டும் கண்ட பெரியம்மாவிடம் அவன் வந்தான்.

மொழி ஒன்றுதானே, கஷ்டமில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் இங்கே நாம் ‘கதைக்கிறோம்’, அவன் ‘பேசினான்’. நாம் ‘பொடியன்கள்’ என்கிறோம், அவன் ‘பசங்க’ என்றான். வகுப்பில் சிரித்தார்கள். ‘இந்தியாக்காரன்’ என்று பட்டப்பெயரும் வைத்தார்கள். முகாமுக்கு வெளியே இருந்த பாடசாலையில் அவனுக்கு ‘சிலோன்காரன்’ என்று பெயராம். இதைக் கேட்டபோது எனக்கு மிகவும் கவலையாக இருந்தது. ஒரு பிள்ளைக்கு இரண்டு நாடு இருந்தும் இரண்டிலும் அவன் வெளியாள்.

உறவினர்கள் “பெரியம்மாவை அம்மா என்று கூப்பிடு” என்று அவனை வற்புறுத்தினார்கள். அவன் ஒரு மாதத்துக்கு மேலாக அவரை எந்தப் பெயராலும் கூப்பிடவில்லை. அருகே வந்து நின்று, அவர் திரும்பிப் பார்க்கும்வரை காத்திருப்பானாம். பின்னர் அந்தப் பெரியம்மா ஒரு காரியம் செய்தார். தங்கையின் படத்தைச் சட்டம் போட்டுச் சாமியறையில் மாட்டி, “அவதான் உன் அம்மா. நான் அவவின் அக்கா. பெரியம்மா என்றே கூப்பிடு” என்றார். அன்றிரவே ‘பெரியம்மா’ என்று கூப்பிட்டு, காலையில் தோசை வேண்டும் என்று கேட்டானாம். புட்டும் சொதியும் பழகிய அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் தோசையும் சாம்பாரும் வந்தன. மறுவருடம் தான்தோன்றீஸ்வரர் ஆலயத் தேரோட்டத்துக்கு ஊரே திரண்டபோது, வடம் பிடித்துவிட்டு வந்து, வெளியூர் விருந்தாளி ஒருவரிடம் “எங்கட கோயில் தேர்” என்றான். ‘எங்கட’ என்ற அந்தச் சொல்லை எவரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஒரு சைவக் குடும்பம் தன் அனுபவத்தில் கண்டுகொண்ட இந்த முறை, முஸ்லிம்களாகிய எமக்கு மார்க்கமாகவே தரப்பட்டிருக்கிறது. ஸைத் இப்னு ஹாரிஸா (ரழி) அவர்களின் வரலாறு எமக்குத் தெரியும். கல்ப் கோத்திரத்துச் சிறுவனான அவர் கொள்ளையரிடம் அகப்பட்டு, உக்காழ் சந்தையில் விற்கப்பட்டு, கதீஜா (ரழி) அவர்களின் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். பல வருடங்களின் பின் தகப்பன் ஹாரிஸா மகனைத் தேடி மக்காவுக்கு வந்தார். நபி (ஸல்) அவர்கள் முடிவை ஸைதிடமே விட்டார்கள். ஸைத் நபியவர்களோடு இருப்பதையே தெரிவு செய்தார். அதன்பின் மக்கள் அவரை ‘ஸைத் இப்னு முஹம்மத்’ என்று அழைத்தார்கள். மதீனாவில் சூரா அல்-அஹ்ஸாபின் ஐந்தாவது வசனம் இறங்கி, வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களுடைய தந்தையரின் பெயராலேயே அழைக்கும்படி பணித்தது. அவர் மீண்டும் ‘ஸைத் இப்னு ஹாரிஸா’ ஆனார். நபியவர்களின் அன்பு அதனால் குறையவில்லை. முஃதா போரில் படைத் தலைமையை அவரிடம்தான் ஒப்படைத்தார்கள். ஸஹாபாக்களில் அல்குர்ஆனில் பெயர் குறிப்பிடப்பட்டவரும் அவர் ஒருவரே.

நபியவர்களே ஆறு வயதில் தாயை இழந்து, எட்டு வயதில் பாட்டனாரையும் இழந்து, பெரியதந்தை அபூதாலிபின் வீட்டுக்குப் போனவர்கள். அங்கே வளர்ந்தபோதும் அவர்கள் ‘முஹம்மத் இப்னு அப்தில்லாஹ்’வாகவே இருந்தார்கள். விவரம் தெரிந்த வயதில் இன்னொரு வீட்டுக்குப் போன பிள்ளை ஒட்டாது என்று சொல்பவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

சிலர் இந்த வசனத்தையே காரணம் காட்டி, “இஸ்லாத்தில் தத்தெடுப்பு இல்லை, எதற்கு வீண் சிக்கல்?” என்று ஒதுங்கிக்கொள்வதும் உண்டு. மார்க்கம் தடுத்தது பெயரையும் வம்சத்தையும் மாற்றுவதைத்தான், பராமரிப்பதை அல்ல. அநாதையைப் பொறுப்பேற்பவர் சுவர்க்கத்தில் தனக்கு மிக நெருக்கமாக இருப்பார் என்று நபியவர்கள் இரண்டு விரல்களைக் காட்டிச் சொன்னதும் இதே மார்க்கத்தில்தான். வாரிசுரிமையில் வளர்ப்புப் பிள்ளைக்குப் பங்கில்லை என்பது உண்மை. ஆனால் சொத்தில் மூன்றிலொரு பங்குவரை வஸிய்யத் எழுதலாம். உயிரோடு இருக்கும்போதே அன்பளிப்பாகவும் கொடுக்கலாம். வளர்ந்த பிள்ளையென்றால் பர்தா பேண வேண்டியிருக்கும் என்பதும் உண்மைதான். மச்சான்மாரும் மதினிமாரும் ஒரே வளவில் வாழும் எமது குடும்பங்களுக்கு அந்த ஒழுங்கு ஏற்கெனவே பழகியது. ஓர் அறையும் கொஞ்சம் கவனமும் ஒதுக்கினால் முடியாத காரியமல்ல.

நாட்டுச் சட்டமும் இதற்குத் தூரமானதல்ல. 1941ஆம் ஆண்டின் மகவேற்புக் கட்டளைச் சட்டத்தின்படி, பத்து வயதைக் கடந்த பிள்ளையைத் தத்துக் கொடுப்பதற்கு அந்தப் பிள்ளையின் சம்மதமும் வேண்டும். ஸைதிடம் கேட்கப்பட்டது போலவே, பிள்ளையிடமும் கேட்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள்.

ஆகவே பெற்றோரிடம் சில வேண்டுகோள்களை வைக்கிறேன். விவரம் தெரிந்த பிள்ளை உங்கள் வீட்டுக்கு வந்தால் அதன் பெயரை மாற்றாதீர்கள். பெற்றோரின் படமோ கடிதமோ இருந்தால் பத்திரப்படுத்திக் கொடுங்கள். மௌத்தானவர்களுக்காக அந்தப் பிள்ளையோடு சேர்ந்து துஆச் செய்யுங்கள். ‘உம்மா’ என்று கூப்பிடும்படி கேட்காதீர்கள். வாயில் வந்தால் வரட்டும். “நாங்கள் எடுத்து வளர்க்காவிட்டால் நீ எங்கே கிடந்திருப்பாய்?” என்ற சொல்லைக் கோபத்திலும் சொல்லாதீர்கள். பெற்ற பிள்ளையிடம் நாம் நன்றி கேட்பதில்லையே.

சக மாணவியரிடமும் ஒன்று சொல்ல வேண்டும். எமது வகுப்பிலும் உம்மா வாப்பாவோடு இல்லாத தோழியர் இருக்கலாம். அவர்களிடம் “நீ யாருடைய பிள்ளை?” என்று துருவித் துருவிக் கேட்பதும், அவர்களுடைய பேச்சைப் பார்த்துச் சிரிப்பதும், வீட்டுக்குள் பெரியவர்கள் செய்யும் நல்ல காரியத்தைப் பாடசாலையில் நாம் கெடுப்பதாகும். புதிதாக வந்த பிள்ளைக்கு வீடு பாதி இடம், வகுப்பறை மீதி இடம்.

பிள்ளை இல்லாத வீடுகளும் வீடு இல்லாத பிள்ளைகளும் எமது பிரதேசத்திலேயே இருக்கிறார்கள். கைக்குழந்தைதான் வேண்டும் என்ற பிடிவாதத்தைக் கொஞ்சம் தளர்த்தினால் பல வீடுகளில் பிள்ளைச் சத்தம் கேட்கும். வருகிற பிள்ளை தன் பெயரோடும் தன் வாப்பாவின் பெயரோடும் தன் நினைவுகளோடும் வரட்டும். அவற்றையும் வைக்க எமது வீடுகளில் இடம் இருக்கிறது.

– க.பொ.த. உயர்தரக் கலைப்பிரிவு மாணவி