செஞ்சி மலையும் பிறர் சூட்டிய பெயரும்

மலைக்கோட்டையைக் கண்ணால் காண்பது வேறு; காலால் அளந்து காண்பது வேறு. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலையில், பேருந்தின் பலகணி வழியே செஞ்சியைப் பார்த்துக் கடந்து போவார் பலர். அம் மலைகளை ஒரு பகல் முழுதும் ஏறி இறங்கிச் சுற்றி வருவார் சிலரே. அச் சிலருக்கே அக் கோட்டை தன் வரலாற்றை முழுமையாகக் காட்டுகின்றது. அவ் வரலாற்றைக் கல்லாமையால் தமிழினம் எதனை இழந்து நிற்கின்றது என்பது இன்று எண்ணிப் பார்த்தற்குரியது.

இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று மலைகளையும் முக்கோணமாக இணைத்து ஏறத்தாழ 8 கல் நீளத்திற்கு மதில் ஓடுகின்றது. காலையில் இராசகிரியின் அடிவாரத்தில் நடை தொடங்குவோர், முதற்கண் கலியாண மாளிகையையும் குதிரைக் கொட்டில்களையும் யானைக் குளத்தையும் நெற்களஞ்சியங்களையும் காண்பர். கோட்டைக்கு வெளியிலிருந்த குளத்துநீர் சுடுமண் குழாய்களின் வழியே அம் மாளிகைக்குக் கொண்டுவரப்பட்டது. அதன்பின் 800 அடி உயர ஏற்றம். உச்சியை நெருங்குமிடத்தில் பாறை பிளந்து, ஏறத்தாழ 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் உடைய பள்ளம் வழிமறிக்கும். அதன்மேல் இட்ட பாலத்தை எடுத்துவிட்டால், ஒரு சிலரே நின்று ஒரு படையைத் தடுக்கலாம்.

இறங்கி வருவோர் வேங்கடரமணர் கோயிலைக் காணலாம். அதன் உயர்ந்த தூண்கள் பல பிரஞ்சியரால் புதுவைக்குக் கொண்டுபோகப்பட்டன. ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகான் பெயரால் எழுந்த பள்ளிவாயிலும் ஆண்டு உள்ளது. பின்னர்ச் சாலையைக் கடந்து, உயரத்திற் குறைந்த கிருட்டிணகிரியையும் ஏறி இறங்கினால் பொழுது சாயுமுன் சுற்று நிறைவுறும். நடுத்தர உடல்வலிமை உடைய எவர்க்கும் இயலுவதே இந் நடை.

இச் சுற்றில் கால் படும் இடமெல்லாம் ஒவ்வொரு காலத்தின் அடுக்கு. ஏறத்தாழ 1200ஆம் ஆண்டளவில் ஆனந்தக்கோன் என்னும் ஆயர்குலத் தலைவன் இம் மலையில் அரண் எடுத்தான் என்பதும், கிருட்டிணக்கோன் பெயராலேயே கிருட்டிணகிரி அமைந்தது என்பதும் மெக்கன்சி திரட்டிய சுவடிகளின் வழி அறியப்படும் மரபுச் செய்தி. பின்னர் விசயநகரத்தின் கீழ் வந்த நாயக்கர் அதனைப் பெருக்கினர். 1649இல் பீசப்பூர்ப் படை கைப்பற்றியது. 1677இல் மராட்டிய மன்னர் சிவாசி கொண்டார். அவர் மகன் இராசாராம் இங்கிருந்து முகலாயரின் நெடிய முற்றுகையை எதிர்த்துநின்றார். 1698இல் கோட்டை முகலாயர் கைப்பட்டது. 1714இல் தேசிங்கு மாண்டான். 1750இல் பிரஞ்சியரும் 1761இல் ஆங்கிலேயரும் வந்தனர்.

கோட்டைக்கும் முற்பட்டது அம் மண்ணின் பழமை. செஞ்சிக்கு அணித்தே உள்ள திருநாதர்குன்றில், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியரைப் பற்றிய தமிழ்க் கல்வெட்டு உள்ளது. நெகனூர்ப்பட்டியில் தமிழிக் கல்வெட்டு உள்ளது. மராட்டியம் என்றொரு அரசு தோன்றுதற்குப் பல நூற்றாண்டுகட்கு முன்னரே இம் மண்ணின் பாறைகள் தமிழ் பேசியிருக்கின்றன.

இத்துணை அடுக்குகளையும் உடைய செஞ்சி, 2025ஆம் ஆண்டு சூலைத் திங்களில் யுனெசுகோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. எப் பெயரால்? 'இந்திய மராட்டியப் படைநிலங்கள்' என்னும் பெயரால்! பட்டியலில் உள்ள கோட்டைகள் 12. அவற்றுள் 11 மகாராட்டிரத்தின்கண் உள்ளன. எஞ்சிய ஒன்றே தமிழகத்துச் செஞ்சி. மராட்டியர் இதனை ஆண்டது 21 ஆண்டுகளே. எண்ணூறு ஆண்டுக் கோட்டைக்கு 21 ஆண்டின் பெயரைச் சூட்டுவது எவ்வாறு முறையாகும்?

பன்னிரண்டும் ஒரு கருப்பொருளால் தொகுக்கப்பட்டவை ஆகலின் ஒரு பெயர் வேண்டியதாயிற்று என்பர் சிலர். பட்டியலில் ஏறியதால் புகழும் காப்பும் கிட்டுமே, பெயரில் என்ன என்றும் கேட்பர். மராட்டியர் செஞ்சியின் அரணை வலுப்படுத்தியதும், அவர்தம் போர்த்திறமும் மறுக்கத்தக்கன அல்ல. அவர்தம் பதினொரு கோட்டைகட்கும் அப் பெயர் பொருந்தும். ஆனால் பெயரே அடையாளம். வேற்று நாட்டிலிருந்து வரும் ஒருவன் அப் பெயரைப் படித்தே செஞ்சியை அறிவான். படித்தபடியே தன் மக்கட்குச் சொல்வான். இரண்டு தலைமுறை கழிந்தால், கட்டியவன் பெயர் கல்லிலும் இராது, சொல்லிலும் இராது.

ஆயினும் குற்றம் முழுதும் பிறர்மேல் இல்லை. சில திங்களே ஆண்ட தேசிங்கின் கதையைத் தெருத்தெருவாகப் பாடிய தமிழன், அரண் எடுத்த கோனை மறந்தான். 1921 முதல் இக் கோட்டை நடுவண் தொல்லியல் துறையின் காப்பில் உள்ளது. எப் பெயரால் முன்மொழிவது என்று முடிவு செய்யும் உரிமை தில்லியிடம் இருக்க, அம் முன்மொழிவு எழுந்த நாளில் தமிழ்நாடு முழுதும் எழுந்து கேட்டிருக்க வேண்டாவா?

இன்றும் காலம் கடந்துவிடவில்லை. பட்டியலில் ஏறிய இடத்தின் பெயரை மாற்றுமாறு உரிய நாட்டரசு வேண்டலாம் என்பது யுனெசுகோவின் நெறிமுறையிலேயே உள்ளது. 'மராட்டியப் படைநிலங்களும் செஞ்சிக் கோட்டையும்' என்றேனும் அப் பெயர் திருத்தப்படுதல் வேண்டும். கோன் முதல் ஆங்கிலேயர் வரையிலான வரலாறு முழுதும் தூய தமிழில் மலையடிவாரத்திலேயே பொறிக்கப்படுதல் வேண்டும். இவற்றைத் தமிழக அரசு கேட்க வேண்டும். நடுவணரசு செய்ய வேண்டும்.

கேட்கும் வலிமை அறிவினால் வருவது. எனவே தமிழிளைஞர் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் செஞ்சியை நடந்து சுற்றுக! திருநாதர்குன்றின் எழுத்தையும் சென்று காண்க! தன் மண்ணைக் காலால் அறிந்தவனிடமிருந்து அதன் பெயரை எவரும் எளிதிற் பறித்துவிட இயலாது.