வாளேந்திய ராணிகளும் வட்டிக்குக் கொடுத்த இளையபிராட்டியும்

சரித்திர நாவல் படிப்பவர்கள் நான்கு பேர் கூடிய இடத்தில் ‘குந்தவையா, நந்தினியா?’ என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு லேசில் முடியாது. நடுவே ஒருவர் பூங்குழலிக்காகக் கொடி பிடிப்பார். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை தொடராக வந்த கதை. 2022, 2023 ஆண்டுகளில் திரைப்படமாக வந்தபோதும் இதே வழக்குதான் நடந்தது. நாவலின் பெயர் ஓர் இளவரசனுடையது; வாசகர் மனத்தில் குடியேறியவர்களோ பெண்கள். ஓலை எழுதி ஈழத்துக்கு ஆள் அனுப்புகிறவள் இளையபிராட்டி குந்தவை. தனாதிகாரியையே ஆட்டிவைக்கிறவள் நந்தினி. நடுக்கடலில் தனியாகப் படகு வலிக்கிறவள் பூங்குழலி. ஆண்கள் குதிரையேறி ஓடிக் களைக்கிறார்கள். கதையைத் திருப்பும் முடிவுகளைப் பெண்கள் எடுக்கிறார்கள்.

இந்த ஈர்ப்புக்குக் காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். அப்பா, அண்ணன், மாமியார் என யாரிடமும் அனுமதி கேட்காத ஒரு பெண்ணை, அவர்கள் எல்லோரும் இருக்கும் கூடத்தில் உட்கார்ந்தே வாசிக்க முடிந்தது. ஆயிரம் ஆண்டு இடைவெளி அதற்கு மறைப்பாக இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் அப்படி நடந்தால் அடங்காதவள். பழையாறை அரண்மனையில் நடந்தால் இளையபிராட்டி. பெண்கள் தங்களுக்குள் வைத்திருந்த ஆசைகளுக்கு சரித்திரக் கதை கண்ணியமான ஓர் உடையைத் தைத்துக் கொடுத்தது.

அந்த ரசனையில் பிழை எதுவும் இல்லை. ஆனால் ரசித்து முடித்த பிறகு கேட்க ஒரு கேள்வி இருக்கிறது. இந்தப் பெண்ணின் கையில் என்ன இருக்கிறது? அவள் உண்பதும் உடுப்பதும் ஆளனுப்புவதும் யார் பணத்தில்? இந்தக் கேள்வியோடு படித்தால் நாவல்கள் வேறு விதமாகத் தெரிகின்றன. அவற்றின் மூலமான கல்வெட்டுகள் அதைவிட வேறாகத் தெரிகின்றன.

மோதிரம் யாருடையது?

நந்தினியின் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். கோட்டைக் கதவுகளைத் திறப்பது அவள் கணவரான தனாதிகாரி பெரிய பழுவேட்டரையரின் முத்திரை மோதிரம். சதி செய்யும் பாண்டிய ஆபத்துதவிகளுக்கு அவள் கொடுக்கும் பொன், தஞ்சை நிலவறையில் அவர் காவலில் இருக்கும் பொன். கிழவருக்கு ஒருநாள் முழுச் சந்தேகம் வந்தால் அவளுடைய ராஜ்யம் அன்றோடு சரி. அவளுக்கு என்று இருப்பவை அழகும் அறிவும் பழியுணர்ச்சியும்தான். மற்றதெல்லாம் இரவல். கல்கிக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கிறது. அந்தப் பாத்திரத்தின் துயரமே அங்குதான் இருக்கிறது.

அந்த நாவலில் உண்மையாகவே சொந்தக் காலில் நிற்பவள் கோடிக்கரைப் பூங்குழலி. படகு அவளுடையது, துடுப்பு அவள் கையில், கடல் அவளுக்குத் தெரிந்த பாதை. அவளையும் கதை கடைசியில் சேந்தன் அமுதனுக்கு மணமுடித்துச் சோழ நாட்டு அரசியாக்கி விடுகிறது. வாசகருக்கு அது பரிசாகத் தோன்றலாம். படகுக்காரிக்கு அது பரிசுதானா?

கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ இந்த இரவல் பலத்தை இன்னும் கூர்மையாகக் காட்டுகிறது. சபதம் சிவகாமியுடையது, அதை நிறைவேற்றும் படை அவள் காதலனான பல்லவன் மாமல்லனுடையது. சிறைப்பட்டிருக்கும் சாளுக்கியத் தலைநகர் வாதாபி எரிந்தாலொழிய வரமாட்டேன் என்று மறுக்கும் துணிவு அவளுக்கு உண்டு. ஆனால் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதைத் தவிர அவளால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. திரும்பி வரும்போது மாமல்லனுக்கு மணமாகியிருக்கிறது. அவள் ஏகாம்பரநாதரிடம் தன்னை ஒப்புக்கொடுக்கிறாள். பல்லவப் படை ஏழாம் நூற்றாண்டில் வாதாபியைப் பிடித்தது வரலாறு. சிவகாமி கற்பனை. அந்தக் கற்பனையிலும் பெண்ணுக்குக் கிடைத்தது சொல் மட்டுமே. கல்கிக்குப் பின் வந்தவர்களில் சாண்டில்யன் நாயகியைக் கப்பலில் ஏற்றி வாளும் கொடுத்தார். பக்கம் பக்கமாக அவள் மேனியை வருணித்து, கொடுத்ததைப் பாதி திரும்ப வாங்கிக்கொண்டார்.

கல்லில் இருக்கும் குந்தவை

தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தில், யார் யார் என்ன கொடுத்தார்களோ அதையெல்லாம் கல்லில் வெட்டச் சொல்லி, நாவல் தலைப்பின் அந்த இளவரசன் ராஜராஜன், அரசனான பின் இட்ட ஆணை இருக்கிறது. அதில் முதலில் தான் கொடுத்தவை, அடுத்து அக்கன் கொடுத்தவை, அதற்குப் பின்தான் தன் தேவியர் கொடுத்தவை. அந்த அக்கன்தான் குந்தவை. வந்தியத்தேவனின் மனைவி என்ற செய்தியும் கல்வெட்டில் கிடைப்பதே. கல்கி தன் நாயகனையே அந்த ஒரு குறிப்பிலிருந்து வளர்த்தெடுத்தார்.

அவள் கொடுத்தவற்றின் கணக்கைப் படித்தால் நாவலில் காணாத ஒரு பெண் எழுந்து வருகிறாள். தந்தை சுந்தர சோழருக்கும் தாய் வானவன் மாதேவிக்கும் திருமேனி செய்து வைக்கிறாள். பொன்னும் நகையும் எடைபோட்டு எழுதப்படுகின்றன. அந்தத் திருமேனிகளின் பூசைக்கும் விழாவுக்கும் காசை முதலாக வைத்து, ஊர்ச் சபைகளிடம் வட்டிக்கு விடுகிறாள். காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி. இன்றைய கணக்கில் நூற்றுக்குப் பன்னிரண்டரை. முதல் அழியாமல் வட்டியில் தருமம் நடக்க வேண்டும் என்ற ஏற்பாடு அது. திண்டிவனத்தை அடுத்த தாதாபுரத்தில் சிவனுக்கும் திருமாலுக்கும் சமணத்துக்குமாக மூன்று கோயில்கள் எடுத்தவளும் அவளே. தந்தையின் பெயரில் தஞ்சையில் ஆதுலசாலை நிறுவி, மருத்துவத்துக்கு நிலமும் விட்டாள். மருத்துவசாலையைக் கல்கி கதைக்குள் கொண்டுவந்துவிட்டார். வட்டிக் கணக்கைக் கொண்டுவரவில்லை.

செம்பியன் மாதேவி இன்னும் வியப்பானவள். கணவன் கண்டராதித்தன் மறைந்த பிறகு நெடுங்காலம் வாழ்ந்து, ராஜராஜன் ஆட்சியையும் கண்டவள். செங்கல் தளிகளாக இருந்த கோயில்களைக் கற்றளிகளாக மாற்றும் வேலையைக் கோனேரிராஜபுரம், விருத்தாசலம், திருக்கோடிக்காவல் என ஊர் ஊராக நடத்தினாள். இதற்குச் சிற்பி வேண்டும், கல் வர வேண்டும், கூலி கொடுக்க வேண்டும். பல அரசர்கள் மாறியும் பணம் வந்துகொண்டே இருக்க வேண்டும். நாவலில் நாம் சந்திப்பது திருநீறு பூசிய, பக்தி ததும்பும் ஒரு மூதாட்டியை. கல்வெட்டில் இருப்பவள், தலைமுறைகளைத் தாண்டி ஒரு பெரும் கட்டுமானப் பணியை நடத்திய நிர்வாகி.

நானூறு வீடுகள்

அரச குலத்தோடு இது நிற்கவில்லை. அதே பெரிய கோயிலில், ஆடல் முதலிய கோயில் பணிக்கு வந்த 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது. திருவாரூர், பழையாறை, நாகப்பட்டினம் எனப் பல ஊர்க் கோயில்களிலிருந்து வந்தவர்கள். ஒவ்வொருத்தியின் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தாள், தெருவின் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதெல்லாம் எழுதப்பட்டிருக்கின்றன. ஆளுக்கு ஒரு வீடு, ஒரு பங்கு. பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். அவள் இறந்தால் நெருங்கிய உறவு அந்தப் பங்கைப் பெற்றுப் பணியைத் தொடர வேண்டும் என்ற விதியும் உண்டு. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய உழைக்கும் பெண்களின் முகவரிப் பதிவு உலகில் எத்தனை இடங்களில் இருக்கும்?

சோழர் காலக் கோயில் பெண்களைப் பற்றி விரிவாக ஆராய்ந்த லெஸ்லி ஓர், அவர்களுடைய தகுதிக்கு ஆட்டத்தைவிடக் கொடையே பெரிய ஆதாரமாக இருந்தது என்று காட்டுகிறார். சொந்தச் சொத்து இருந்தது, அதைக் கோயிலுக்குக் கொடுத்தார்கள், கொடுத்ததால் உரிமையும் மரியாதையும் பெற்றார்கள். நம் நாவல்களில் இவர்களுக்குக் கிடைத்த இடம் பெரும்பாலும் சதங்கை ஒலியும் கண்ணீரும்தான்.

இந்த இடத்தில் கல்வெட்டையும் அளவுக்கு மீறிக் கொண்டாடக் கூடாது. நிலம் விற்ற பிராமணப் பெண்கள் பலர் ‘முதுகண்’ என்ற ஆண் காப்பாளர் வழியாகத்தான் ஆவணம் எழுத முடிந்தது. போரில் பிடித்துவந்த பெண்களையும் வேளம் எனப்பட்ட சோழ அரண்மனைப் பணிப்பெண் குடியிருப்புகளில் வைத்திருந்தார்கள். மூன்றாம் குலோத்துங்கன் காலத்துப் பஞ்சத்தில், 1201இல், ஒரு வேளாளரும் அவருடைய இரண்டு பெண்மக்களும் 110 காசுக்குத் திருப்பாம்புரம் கோயிலுக்குத் தங்களை விற்றுக்கொண்டதைச் சொல்வதும் கல்வெட்டுதான். வட்டிக்குக் காசு விட்ட இளவரசியும் காசுக்கு விலைபோன மகள்களும் ஒரே நாட்டில், இரு நூற்றாண்டு இடைவெளியில் இருந்தவர்கள். நாவலாசிரியர் தயங்காமல் போக வேண்டிய இடம் இது.

சாலை போட்டால் பாவம், வாள் எடுத்தால் புகழ்

சொத்தும் அதிகாரமும் ஒரு பெண் கையில் இருந்ததைக் கதை எப்படி எதிர்கொள்கிறது என்பதற்கு ராணி மங்கம்மாள் சாட்சி. 1689 முதல் பேரனுக்காக மதுரையை ஆண்டவள் அவள். நா. பார்த்தசாரதி அவளை நாவலாக்கினார். சாலைகளும் சத்திரங்களும் அவள் பெயரை இன்றும் சொல்கின்றன. வணிகத்துக்கும் யாத்திரைக்கும் வழி திறந்த ராஜதந்திரம் அது. ஆனால் ஊர்வழக்கில் அதற்கு வேறு காரணம் சொன்னார்கள்: இடக்கையால் வெற்றிலை போட்டுவிட்டாளாம், அந்தப் பாவம் தீரச் சாலை போட்டாளாம். திருமலை நாயக்கர் மகால் கட்டியதற்கு இப்படி ஒரு பிராயச்சித்தக் கதை யாருக்கும் தேவைப்படவில்லை.

ஜான்சி ராணி லட்சுமிபாயின் கதையில் நாம் நினைவில் வைத்திருப்பது குதிரையும் வாளும் முதுகில் கட்டிய குழந்தையும். வாளுக்கு முன் காகிதம் இருந்தது. கணவர் 1853இல் இறந்த பின், தத்துப்பிள்ளையின் உரிமையை ஏற்க மறுத்து கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி ஜான்சியை எடுத்துக்கொண்டபோது, அவள் மனுமேல் மனு எழுதினாள். ஜான் லாங் என்ற வழக்கறிஞரை அழைத்து ஆலோசித்தாள். கிழக்கிந்தியக் கம்பெனி தருவதாகச் சொன்ன ஓய்வூதியம் ஆண்டுக்கு 60,000 ரூபாய். அவள் கேட்டது நாட்டை. வங்க எழுத்தாளர் மகாசுவேதா தேவி, இந்த ராணியைப் பற்றி 1956இல் வெளியான தன் முதல் நூலுக்காக ஜான்சிப் பகுதிக்கே போய், அங்கே மக்கள் நாவில் இருந்த கதைகளையும் பாடல்களையும் திரட்டினார். அரசு ஆவணங்களோடு மக்கள் நினைவையும் சேர்த்து வைத்தபோதுதான் சிலைக்குள்ளிருந்து ஒரு மனுஷி வெளியே வந்தாள்.

தமிழில் அந்த வழியில் போனவர் ராஜம் கிருஷ்ணன். தஞ்சை மாவட்டத்தில் விவசாயத் தொழிலாளரைத் திரட்டிய மணலூர் மணியம்மையின் வாழ்க்கையைத் தேடி, அவரை அறிந்தவர்களிடம் கேட்டுக் கேட்டு ‘பாதையில் பதிந்த அடிகள்’ எழுதினார். இளம் வயதில் கணவரை இழந்து, தலைமுடியைக் கத்தரித்து, வேட்டி சட்டை அணிந்து களத்தில் நின்ற பெண் அவர். அரண்மனையும் கிரீடமும் இல்லாத சரித்திர நாவல் எப்படி இருக்கும் என்பதற்கு அந்தப் புத்தகம் நல்ல விடை. பொன்னியின் செல்வனைப் படித்தவர்களில் நூற்றில் ஒருவர் அதைப் படித்திருந்தாலே ஆச்சரியம்.

கணக்கு எங்கே போயிற்று?

கல்கி ஏன் குந்தவையின் வட்டிக் கணக்கை விட்டார் என்று குறைசொல்வதில் பொருள் இல்லை. அந்தக் காலத்தைப் பார்க்க வேண்டும். பொன்னியின் செல்வன் தொடராக வந்த ஆண்டுகளில், அதை வாரம் தவறாமல் படித்த இந்துப் பெண்களில் பெரும்பாலோருக்குப் பிறந்த வீட்டுப் பூர்விகச் சொத்தில் பங்கு இல்லை. கணவனை இழந்தவளுக்குக் கிடைத்ததும் ஆயுள் வரையிலான வரம்புள்ள உரிமைதான். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சம சொத்துரிமை கேட்டுத் தீர்மானம் போட்டிருந்தது, சட்டம் அசையவில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956இல், தொடர் முடிந்து இரண்டு ஆண்டு கழித்து வந்தது. பூர்விகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பால் பங்கு என்பது தமிழ்நாட்டில் 1989இல், நாடு முழுமைக்கும் 2005இல். சொத்தில்லாத வாசகிகளுக்குச் சொத்தில்லாத நாயகிகள் குறையாகத் தோன்றியிருக்க மாட்டார்கள். பேச்சிலும் பார்வையிலும் இருந்த சுதந்திரமே அன்று பெரிய கனவு.

இன்றைய எழுத்தாளருக்கு அந்தச் சாக்கு இல்லை. தஞ்சைக் கல்வெட்டுகள் கல்வெட்டறிஞர் ஹுல்ஷ் பதிப்பித்த காலத்திலிருந்து அச்சில் இருக்கின்றன. தளிச்சேரியின் 400 வீடுகளில் எந்த ஒரு வீட்டின் கதவைத் தட்டினாலும் ஒரு நாவல் இருக்கிறது. சொந்த ஊரை விட்டு வந்தது, பங்கு நெல் சரியாக அளக்கப்பட்டதா என்ற வழக்கு, மகளா தங்கையா அடுத்துப் பங்கு பெறுவது என்ற பூசல் என்று விஷயத்துக்குப் பஞ்சமில்லை. சதிகாரர்களும் சுரங்கப் பாதையும் இல்லாமலே விறுவிறுப்பாக எழுதலாம்.

வாசகருக்கும் ஒரு பங்கு உண்டு. துணிச்சலான நாயகியை ரசிப்பது சுலபம்; அவள் நம்மிடம் எதையும் கேட்பதில்லை. சொத்துள்ள பெண் கேட்பாள். சார்பதிவாளர் அலுவலகங்களில் இன்றும் அண்ணன் தம்பிக்காக விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் மகள்கள் வரிசையில் நிற்கிறார்கள். மறுத்தால் பிறந்த வீட்டு உறவே முறியும் என்ற பயத்தில் பலர் போடுகிறார்கள். குந்தவையின் பெயரைப் பெண்ணுக்கு ஆசையாகச் சூட்டும் குடும்பம், சொத்துப் பிரிக்கும் நாளில் அவளை எங்கே உட்கார வைக்கிறது? ராஜராஜன் தன் அக்கனுக்கு இரண்டாம் இடம் கொடுத்தான். அந்த அளவையாவது எட்டுகிற வீடுகளில்தான் நாம் படித்த சரித்திரக் கதைகளுக்கு மதிப்பு.