செவிப் பணி

வேலூரிலிருந்து ஆம்பூர் செல்லும் நெடுஞ்சாலையில் மாலை வேளையில் நிற்போர், காலணித் தொழிற்சாலைகளினின்று வெளிவரும் மகளிர் கூட்டத்தைக் காணலாம். தோலைத் தடவிப் பார்த்த அளவிலேயே அதன் குறையை உணரும் விரல்கள் அவர்களுடையவை. அக்கூர்மையை எவரும் ஐயுறுவதில்லை. அதே கூர்மை செவியில் அமைந்து நாட்டின் காவலுக்குப் பயன்படும் என்றால் மட்டும் பலர் தயங்குவர். அத்தயக்கம் வரலாறு அறியாமையால் வருவது என்பதே என் கருத்து.

1942-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள் சப்பானிய விமானங்கள் கொழும்பின்மீது குண்டு வீசின. எதிரியின் கம்பியில்லாத் தந்திச் செய்திகளை அங்கிருந்து ஒற்றுக்கேட்டு வந்த பிரித்தானியக் கடற்படைப் பிரிவின் பெரும்பகுதி, கடல் கடந்து, கென்யா நாட்டு மொம்பாசாவை அடுத்த கிளிந்தினிக்குப் பெயர்ந்தது. அங்கே கிடைத்த இடம் ஒரு பள்ளிக்கூடம். இந்திய வணிகர் அல்லிதினா விஸ்ராமின் பெயர் தாங்கி, இந்துமாக்கடலை நோக்கி நிற்பது. ஆடவரோடு பிரித்தானிய மகளிர் கடற்படையினரும் அங்கே பணியாற்றினர்.

இத்தகைய நிலையங்களில் செவிப் பணி எளிதன்று. காதில் ஒலிக்கருவியை அணிந்து, இரைச்சலுக்கிடையே மெலிந்து வரும் குறில் நெடில் ஒலிகளைப் பிரித்தறிந்து, கேட்ட கணமே எழுதுதல் வேண்டும். ஆங்கில எழுத்துகள் 26. சப்பானியரோ தம் அசையெழுத்துகளுக்கெனத் தனிக் குறிகளை வைத்திருந்தனர். அவை ஏறக்குறைய இருமடங்கு. (உயிர்மெய் வரிசையை மனப்பாடம் செய்யத் துன்புறும் சிறுவர்க்கு இத்தொல்லை நன்கு விளங்கும்.) எழுதுபவருக்கோ செய்தியின் பொருள் தெரியாது, ஆதலின் விடுபட்ட எழுத்தை ஊகித்து நிரப்பவும் இயலாது. ஓரெழுத்துப் பிழைப்பினும் மறைகுறியை உடைப்போர் வழி தவறுவர். இவ்வகைத் தாள்களைக் கொண்டே சப்பானிய வணிகக் கப்பல்களின் மறைகுறி ஒன்று 1942 நவம்பரில் கிளிந்தினியில் உடைக்கப்பட்டது.

கரைப் பணி இடரற்றது என்பாரும் உளர். 1944 பிப்ரவரி 12 அன்று, மொம்பாசாவிலிருந்து கொழும்பு நோக்கிச் சென்ற 'கெதிவ் இஸ்மாயில்' என்னும் கப்பல் மாலத்தீவுகளின் அருகே நீர்மூழ்கியால் தாக்குண்டு சில நிமிடங்களில் மூழ்கிற்று. மடிந்தோருள் 77 பேர் பெண்கள். செவிலியரும் கடற்படை மகளிரும் அவருள் அடங்குவர்.

நம் நாட்டு மகளிரும் இப்பணிக்குப் புறம்பானவர் அல்லர். 1942-இல் இந்திய மகளிர் துணைப்படை தோன்றியது. 1944-இல் அதன் கடற்படைக் கிளை தனிப்பெயரும் பெற்றது. செய்திகளை மறைகுறியாக்குதலும் அனுப்புதலும் அக்கிளையினர் பணிகளுள் சில. அதன் அதிகாரியான கல்யாணி சென் 1945-இல் பிரித்தானியா சென்று, அந்நாட்டு மகளிர் கடற்படையின் பயிற்சி முறைகளை நேரிற் கண்டார். படைப்பணியில் இருந்து அந்நாட்டுக்குச் சென்ற முதல் இந்தியப் பெண் அவரே.

"அவர்கள் அயலார்க்கு ஊழியம் செய்தவர்கள், அவர்களை நாம் ஏன் நினைத்தல் வேண்டும்?" எனச் சிலர் வினவலாம். வினா நேர்மையானதே. ஆயின் முதல் உலகப் போரில் பிரித்தானியப் படையினரின் காலணிகளுக்குச் சென்ற தோல், ஆவாரம்பட்டையிட்டுப் பதனிடும் சென்னை மாகாணத்துத் தோல் அன்றோ? வேலூரை அடுத்த கம்மவான்பேட்டை, தலைமுறை தலைமுறையாக ஆடவரைப் படைக்கு அனுப்பியமையால் இராணுவப்பேட்டை என்றே வழங்கப்படுகிறது. அயலார் படையில் சேர்ந்த ஆடவர் விடுதலைக்குப் பின்னும் படையிலேயே தொடர்ந்தனர், அவர்களை எவரும் பழிக்கவில்லை, பழித்தலும் முறையன்று. மகளிர் பிரிவோ போர் முடிந்தபின் கலைக்கப்பட்டது. அரசு விலக்களித்தாலன்றிப் பெண்கள் கடற்படையிற் சேர இயலாதெனக் கூறும் பிரிவு ஒன்று 1957-ஆம் ஆண்டின் கடற்படைச் சட்டத்திலும் இடம்பெற்றது. பணியைச் செய்து காட்டிய பின்னர்க் கதவு அடைக்கப்பட்டது என்பதுதான் என் நெஞ்சை உறுத்துகிறது.

அக்கதவு மீண்டும் சிறிதே திறக்க 1992 வரை காத்திருக்க நேர்ந்தது. அப்போதும் கல்வி, சட்டம், பண்டகப் பொறுப்பு ஆகிய துறைகளே முதலில் கிடைத்தன. நிரந்தரப் பணியுரிமைக்கு உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 17 அன்று தீர்ப்பளிக்க வேண்டியதாயிற்று. இவற்றையெல்லாம் மகளிர்க்கு அளித்த புதிய சலுகை எனப் பேசுவது பொருந்தாது. முன்பே வகித்த பணி, காலந்தாழ்த்துத் திரும்பி வந்தது, அவ்வளவே.

ஆம்பூரில் தொடர்வண்டி ஏறிச் சென்னை நோக்கிச் சென்றால் வழியில் அரக்கோணம் வரும். அங்குள்ள 'இராஜாளி' கடற்படை வான்தளத்தில் 2024 ஜூன் 7 அன்று அனாமிகா பி. ராஜீவ் என்னும் இளம் அதிகாரி சிறகுச் சின்னம் பெற்று, கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் விமானி ஆனார். விமானி என்ற அளவில் அவர் முதல்வரே. ஆயினும் அந்நாளுக்கு 80 ஆண்டுகட்கு முன்னரே, இந்நாட்டுப் பெண்கள் கடற்படைச் சின்னம் அணிந்து இரகசியச் செய்திகளைக் கையாண்டு கொண்டிருந்தனர்.