பல்செட்டுக்கு முன்னால்

"பல்லே இல்லாத வாயில என்னத்த அறுக்கப் போறாங்க?" திருவனந்தபுரம் கரமனையில் இருக்கும் என் பெரியம்மா கேட்டார். பல்செட் கட்டும் முன் அறுவைச் சிகிச்சை வேண்டும் என்று சொல்லப்படும் முதியவர்கள் பலருக்கும் எழும் கேள்விதான். பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகப் பதில் சொல்ல ஆள் இல்லாததால், பயந்து திரும்பிவிடுகிறார்கள்.

பல் போனதும் அதைத் தாங்கிய எலும்பு கரையத் தொடங்குகிறது. முதல் வருடத்தில்தான் வேகம் அதிகம். செட் அணிந்தவர்களை 25 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து டால்கிரென் என்ற ஆய்வாளர் 1972-ல் வெளியிட்ட ஆய்வின்படி, கீழ்த்தாடை மேல்தாடையைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு தேய்கிறது. வீட்டுக்கு வீடு கீழ்ச்செட்டைப் பற்றியே புலம்பல் கேட்பது அதனால்தான். தேய்வதும் ஒரே சீராக இல்லை. சில இடங்களில் எலும்பு கூர்த்து நிற்கும். செட் அழுந்தினால் உயிர் போகிற வலி. மேலண்ணத்தின் நடுவே சிலருக்கு எலும்புப் புடைப்பு உண்டு. பல் இருந்தவரை அது யாருக்கும் தொந்தரவில்லை. செட் வந்ததும், மேட்டில் வைத்த அம்மிபோல ஆடும்.

ஆகவே மரத்துப்போக ஊசி போட்டு, ஈறை விலக்கி, எலும்பை ராவிச் சமன்செய்து தையல் போடுகிறார்கள். பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். உதட்டையும் ஈறையும் இணைக்கும் நார் செட்டைத் தள்ளிவிடும் என்றால் அதையும் விடுவிப்பார்கள். தளர்ந்த பழைய செட்டின் விளிம்பு உரசி வளர்ந்த சதைமடிப்பை வெட்டியெடுத்தால், பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி, முடிவைக் கேட்டு வாங்குங்கள். வாய்ப்புற்று நோய் நம் பக்கத்தில் அலட்சியப்படுத்தக் கூடியதல்ல.

திருவனந்தபுரம் இதற்குக் கொடுத்துவைத்த ஊர். 1959-ல் தொடங்கிய, கேரளத்தின் முதல் அரசு பல் மருத்துவக் கல்லூரி இங்கே இருக்கிறது. 1956-ல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டாலும், மார்த்தாண்டம், களியக்காவிளைக்காரர்கள் பலருக்குப் பெரிய ஆஸ்பத்திரி என்றால் இன்றும் இந்தக் கல்லூரி இருக்கும் மெடிக்கல் காலேஜ் வளாகம்தான். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள, 60 வயது நிரம்பிய முதியவர்களுக்கு 'மந்தஹாசம்' என்ற திட்டத்தில் கேரள அரசு இலவசமாகப் பல்செட் கொடுக்கிறது. மனதாரப் பாராட்ட வேண்டிய திட்டம். ஆனால், செட்டைக் கையில் கொடுத்ததோடு கணக்கை முடிக்கக் கூடாது என்பது என் கோரிக்கை. முன்னால் செய்யும் சிகிச்சை, புண் ஆறும் வாரங்கள், எலும்பு தேயத் தேய செட்டின் அடிப்பாகத்தைத் திருத்திக் கொடுப்பது எல்லாமே அந்தக் கணக்கில் வரவேண்டும். இல்லையென்றால் செட் டம்ளர் தண்ணீரில் கிடக்கும். கிழவி கஞ்சிதான் குடிப்பாள்.

சிகிச்சைக்குப் போகிறவர்கள் சாப்பிடும் மாத்திரைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சர்க்கரை அளவைச் சொல்லுங்கள். எலும்பு பலத்துக்கு ஊசியோ மாத்திரையோ எடுத்திருந்தாலும், முகத்திலோ கழுத்திலோ கதிர்வீச்சு வைத்திருந்தாலும், எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் மறைக்கவே வேண்டாம். அப்படிப்பட்ட தாடையில் கைவைத்தால் எலும்பு ஆறாமலே போகக்கூடும்.