தமிழாற் கூடாதா? – ஒரு மறுப்புரை

“சங்கப் பாடலுக்குத் தமிழ் போதும், வாங்கிகளைப் பற்றிச் சொல்ல அது போதாது.” சென்ற அரையாண்டில் ஓரிரவு, விடுதியிலே விஞ்ஞான பீட நண்பர் ஒருவர் இவ்வாறு தீர்ப்பளித்தார். ஒட்டுவகை ஜி புரத இணைவாங்கிகளைப் பெப்ரைட்டுகள் எவ்வாறு தூண்டுகின்றன என்பது பற்றிய ஆங்கிலக் கட்டுரையொன்று அவர் கையில் இருந்தது. அவரும் என்னைப்போல் மல்லாவியைச் சேர்ந்தவர்; உயர்தரம் வரை உயிரியலைத் தமிழிலேயே கற்றுச் சித்தியெய்தியவர். அதனாலேயே அத்தீர்ப்பு என்னைச் சுட்டது. கலைப்பீட மாணவனாகிய நான் அவரிடமே கேட்டறிந்ததை இங்கு தமிழில் வைக்கிறேன். விளங்குகிறதா என்பதை வாசகரே தீர்மானிக்கட்டும்.

கல மென்சவ்வை ஏழு முறை ஊடுருவி நிற்கும் புரதங்களே ஜி புரத இணைவாங்கிகள். மனிதரில் இவை ஏறத்தாழ 800 உள. ஓமோன் போன்றதொரு பொருள் வெளியிலிருந்து வந்து பொருந்தியதும் வாங்கி உருமாறி, உட்புறத்து ஜி புரதத்தைத் தூண்டும். செய்தி கலத்தினுட் செல்லும். பூட்டும் திறவுகோலும் என இதனைப் பாடசாலையிற் கற்றோம்.

ஒட்டுவகை வாங்கிகள் 33. கலத்துக்கு வெளியே இவற்றுக்கு மிக நீண்ட பகுதி உண்டு. அது அயற்கலங்களையும் சூழவுள்ள புரதங்களையும் பற்றிக்கொள்ளும். இவற்றுட் பல, உருவாகும்போதே சவ்வுக்கு அண்மையில் ஓரிடத்திலே தம்மைத் தாமே வெட்டிக்கொள்கின்றன. வெட்டுண்ட துண்டுகள் இரண்டும் பிரியாது ஒன்றையொன்று பற்றியே நிற்கும். சவ்வோடு நிற்கும் துண்டின் நுனியிலுள்ள சில அமினோவமிலங்களின் தொடரே இங்கு திறவுகோல். வெளித்துண்டின் மடிப்பினுள் அது புதைந்து கிடக்கிறது. வெளித்துண்டு இழுபட்டு அகலும்போது அது வெளிப்பட்டு, அதே வாங்கியின் குழியினுள் மடிந்து புகுந்து அதனைத் தூண்டுகிறது. பூட்டோடு கட்டி மறைத்துவைத்த திறவுகோல் என்க.

2014இல் ஜேர்மனியின் லைப்சிக் நகர ஆய்வாளர்கள் இதனை வெளிப்படுத்தினர். அத்தொடரை ஒத்த பெப்ரைட்டை ஆய்கூடத்தில் தொகுத்து இட்டபோதும் வாங்கி தூண்டப்பட்டது. 2022இல் வெளிவந்த கட்டமைப்பாய்வுகள் அது குழியினுள் அமர்ந்திருக்கும் நிலையையே காட்டின. ஆயினும், தனித்து இடப்படும் பெப்ரைட்டு வலுக் குன்றியது. உயர் செறிவு வேண்டும். ஒரு வாங்கிக்குரியது உறவு வாங்கியையும் தூண்டிவிடலாம். ஆதலின் மருந்தாக்குதல் எளிதன்று. முயற்சியின் தேவையோ பெரிது. ஜிபிஆர் 56 என்னும் வாங்கியின் மரபணு பழுதுற்றால் மூளை மேற்பட்டையின் மடிப்புகள் பிறழும் என்பது 2004இலேயே அறியப்பட்டதாகும்.

அத்தொடருக்கு அந்த ஆய்வாளர்கள் இட்ட பெயர் ‘ஸ்ராகெல்’. முள்ளையும் தேனீயின் கொடுக்கையும் குறிக்கும் அன்றாட ஜேர்மன் சொல் அது. ஆங்கில ஏடுகளும் அதனையே வழங்குகின்றன. ஜேர்மன் உழவனின் வாய்ச்சொல் விஞ்ஞானச் சொல்லாகலாம். மல்லாவி உழவனின் ‘கொடுக்கு’ ஆகாதோ?

ஆராய்ச்சிகள் ஆங்கிலத்திற்றானே வெளிவருகின்றன என்பர். உண்மையே. ஆங்கிலம் கற்கவேண்டாம் என்று நான் கூறவில்லை. ஆனால் தமிழில் உயிரியல் கற்றுப் பல்கலைக்கழகம் புகும் வன்னி மாணவன், ஐயம் இருந்தும் விரிவுரை மண்டபத்திலே கையுயர்த்தத் தயங்குகிறான். அவன் மௌனம் மந்தபுத்தியாகக் கணிக்கப்படுகிறது. அவனே நாளை வைத்தியனாகி ஊருக்கு வரும்போது, பிள்ளைக்கு என்ன நோய் என்று கேட்கும் தாய்க்கு எம்மொழியில் விடை சொல்வான்? 1847இல் இலங்கை வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஷ்க் கிறீன், 1864 முதல் மானிப்பாயிலே மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அயல்நாட்டார் ஒருவருக்கு அன்று இயன்றது எமக்கு இன்று இயலாதெனின், குறை மொழியினதன்று.

குற்றம் விஞ்ஞான பீடத்தாருடையது மட்டுமோ? தமிழ், தமிழ் என முழங்கும் நாம் என்ன செய்தோம்? எமது மலர்களிலே பழம்பெருமை பக்கம் பக்கமாக நிறைகிறது. யாரும் வழங்காத கலைச்சொற்களை ஆக்கிவிட்டுக் கடமை முடிந்ததென உறங்குகிறோம். ஒரு புரதம் எவ்வாறு தொழிற்படுகிறது என்று தமிழில் விளக்க முயன்ற கலைப்பீடத்தார் எத்தனை பேர்? புகழ்ந்து எழுதுவது எளிது. விளங்கி எழுதுவதே அரிது.

ஆதலால் தமிழ்ச் சங்கத்தின் முன் ஒன்றை வைக்கிறேன். இனிவரும் ஒவ்வொரு மலரிலும் ஒரு விஞ்ஞானக் கட்டுரையேனும் இடம்பெறுக. அதனை விஞ்ஞான மாணவர் எழுதுக. தமக்கு விளங்கும்வரை கலைப்பீட மாணவர் ஒருவர் அதனைத் திருப்பி அனுப்புக. இரு பீடங்களும் இதனாற் பயன்பெறும்.

இக்கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் அந்த நண்பரிடமே காட்டினேன். இரண்டு இடங்களிற் பிழை கண்டு, நெடுநேரம் விளக்கித் திருத்தினார். விளக்கியது தமிழிலேதான்.